வீட்டுக்காரம்மா கையில் கொடுத்தது

அந்தக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் ஒரு பொய் வீடு இருந்தது. முழு வீடு இல்லை, ஒரு கூடம் மட்டும். சோபா, மெத்தைகள், காலடியில் கம்பளம், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி, ஜன்னலே இல்லாத சுவரில் ஒரு ஜன்னல் திரை. அலமாரியில் புத்தகங்கள்கூட அடுக்கியிருந்தார்கள். எடுத்துப் பிரித்தால் உள்ளே வெறும் அட்டைதான். டிவியில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகளைச் செய்து விற்கிற கம்பெனி அது. புதிதாக ஒன்றைச் செய்யும்போதெல்லாம் வெளியாட்களைக் கூட்டிவந்து இந்தக் கூடத்தில் உட்காரவைத்து விளையாடச் சொல்வார்கள். பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. வந்தவர்கள் அதில் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் கூடம் முழுக்கத் தெரியும். அங்கே இருட்டறையில் உட்கார்ந்து ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பொய் வீட்டை மெய்யான வீடுபோல வைத்துக்கொள்வது இன்னொருத்தியின் வேலை. மெத்தைகளைத் தட்டிப் போடுவாள், வந்தவர்களுக்குக் காபி கொடுப்பாள், அவர்கள் பயம் தெளிகிறவரை வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் முழுக்க அவளுக்கு வீட்டுக்காரம்மா என்றே பேர். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்தான். அவளுடைய சொந்த ஜாகை இரண்டே அறை. அங்கே அந்த சோபாவைப் போட்டால் வாசல் கதவைத் திறக்க முடியாது. அதே கம்பெனியின் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிற அவள் கணவன், "அங்க நீ வீட்டுக்காரம்மா, இங்க குடித்தனக்காரி" என்று சமயம் கிடைக்கும்போதெல்லாம் சீண்டுவான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கொடுத்தாலும் கையில்தான் கொடுப்பாள். அதுவும் இரண்டு கையாலும் கொடுப்பாள், வாங்குகிறவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று நிச்சயமாகத் தெரிகிறவரை விடமாட்டாள். இங்கே வருவதற்கு முன் பல வருஷம் அவள் ஒரு ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒருவர் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை நீட்ட, பிடித்துவிட்டார் என்று நினைத்து இவள் காபிக் கோப்பையை விட்டுவிட்டாள். கொதிக்கக் கொதிக்க அவர் தொடையில் கொட்டியது. அந்த மனிதர் போட்ட அலறல் இத்தனை காலத்துக்குப் பிறகும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்குத் தொற்றிய பழக்கம் வீட்டிலும் விடவில்லை. சாப்பிடும்போது உப்புக் கிண்ணத்தைக் கேட்டால்கூடப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு இழுபறி நடந்துதான் கிண்ணம் கைமாறும்.

கம்பெனி அந்த வருஷம் செய்த பெட்டிக்குப் பட்டன் வைத்த கைப்பிடி கிடையாது. அதற்குப் பதிலாக உள்ளங்கைக்கு அடங்குகிற வழவழப்பான ஒரு கட்டை. பேர் வைப்பதற்கென்றே வெளியிலிருந்து ஆளைப் பிடித்துவந்து வாயில் நுழையாத பேர் ஒன்றை வைத்தார்கள். அதற்கு முன்பே காண்டீனில் அதற்கு சோப்பு என்று பேர் விழுந்துவிட்டது. சோப்பைக் கையில் பிடித்துச் சாய்த்தால் டிவியில் கார் சாயும், தூக்கினால் விமானம் எழும்பும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சும்மா கிடந்தால் தூங்கிவிடும். அப்படித் தூங்கிக் கிடக்கிற சோப்பை எடுத்ததும் நாலு மூச்சு விடுகிற நேரம் ஆடாமல், மட்டமாக வைத்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அப்போதுதான் எது நேர், எது கோணல் என்று அது தெரிந்துகொள்ளும். அவசரப்பட்டு ஆட்டிவிட்டால் கோணலையே நேர் என்று வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிகிறவரை காரை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இதற்காகவே விளையாட்டுப் பெட்டியின் தலையில் ஒரு குழிவான தட்டு வைத்திருந்தார்கள். அதற்கு வேறென்ன பேர் வரும், சோப்புப் பெட்டி என்றார்கள். சோப்பு அதில் கிடக்கிறவரை தூங்காது. எப்படி எடுத்தாலும் நேராக ஓடும்.

சோப்புப் பெட்டிக்கு ஆகிற செலவு மேனேஜரின் கண்ணை உறுத்தியது. அவர் கெட்டவர் இல்லை. எதைப் பார்த்தாலும் இது இல்லாமல் முடியாதா என்று கேட்கிற ஜாதி, அவ்வளவுதான். அவர் அறையில் வந்தவர்கள் உட்கார இரண்டாவது நாற்காலிகூட இருக்காது. அந்தத் தட்டு இல்லாமலே ஜனங்கள் விளையாடிவிடுகிறார்களா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். ஆக, சோப்பை சோபாவுக்கு முன்னால் சும்மா மேஜைமேல் வைத்து ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து எழுதுகிற பெண்ணை எல்லாரும் கண்ணாடிக்காரி என்பார்கள். மனிதர்கள் ஒரு பொருளை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதுதான் அவள் படித்த படிப்பு. சின்ன வயசு, கெட்டிக்காரி, சொந்த ஊரையும் வீட்டையும் விட்டுவந்து ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தாள். மதியத்தில் இருவரும் அந்தப் பொய்க் கூடத்து சோபாவில் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அது விதிப்படி கூடாதுதான். வீட்டுக்காரம்மா தன் டப்பாவில் பாதியை அவள் தட்டில் தள்ளிவிட்டு, நீ சாப்பிடுகிற சாப்பாட்டுக்குக் காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்பாள். அந்தப் பெண் வீட்டுக்காரம்மாவிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வந்தவர்களுக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது. தடுமாறினால் தடுமாறட்டும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறோம்.

முதலில் வந்தவர் தலை நரைத்த ஒரு மனிதர். சோப்பை எடுத்த வேகத்தில் குலுக்கினார். டிவியில் கார் சுவரில் போய் முட்டியது. திருப்பினார், மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவை சோப்பைப் பூனைக்குட்டியை இறக்குவதுபோல மேஜையில் இறக்கிவைத்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராதும்மா" என்றார். காது மடல்கள் சிவந்திருந்தன. கம்பெனிக்காரன் செய்த பிசகுக்கு இந்த மனிதர் எதற்குத் தலைகுனிய வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பழைய காபி மறுபடி கொட்டியதுபோல இருந்தது.

அடுத்து வந்தவளுக்கு அவள் சோப்பை மேஜையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள். வழக்கம்போல இரண்டு கையாலும். வாங்குகிறவளின் உள்ளங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகே விட்டாள். கார் நேராக ஓடியது. அந்த அம்மாள் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாள். வீட்டுக்காரம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித்தரக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே நியாயம் வைத்துக்கொண்டாள். அவள் நிற்கிற வாக்கில் கண்ணாடிக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. காமிராக்கள் இருந்தன; ஒன்று வந்தவரின் முகத்தைப் பார்த்தது, இன்னொன்று டிவியைப் பார்த்தது. கையைப் பார்க்க ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் நேராக ஓட்டினார்கள். கண்ணாடிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கிவந்து, ராசியான கூடம் என்று சோபாவைத் தட்டிக்கொடுத்தார். ஒப்பந்தக் கூலியாக இருந்த வீட்டுக்காரம்மாவை நிரந்தரமாக்குவதாக வாய்விட்டே சொன்னார். அன்றைக்கு அவள் கணவன் ஒரு புது ஜோடிச் செருப்பு வாங்கிவந்தான். நிரந்தர வேலைக்காரி பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாமா என்றான்.

பிறகு ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். வரவேற்பில் உட்காருகிற பெண்ணைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் சோப்பை மேஜையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். அன்றைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சுவரில் முட்டினார்கள்.

காய்ச்சல் தணிந்து வீட்டுக்காரம்மா திரும்பி வந்ததும் கண்ணாடிக்காரி சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் கேட்டாள். "அக்கா, நேத்து என்னமோ நடந்திருக்கு. எனக்குப் பிடிபடலை. நீங்க இருக்கும்போது ஏதாவது வேற மாதிரி செய்வீங்களா?"

கேள்வி காதில் விழுந்த அந்தக் கணமே வீட்டுக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கை குறுகுறுத்தது. அதுவரை அவள் செய்தது அறியாமல் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். கடவுளே வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் இப்போது கேட்டாகிவிட்டது. நேர் கேள்வி, எதிரில் உட்கார்ந்து, அக்கா என்று கூப்பிட்டுக் கேட்ட கேள்வி. அவள் கண்ணுக்கு முன்னால் நிரந்தர வேலையும் புதுச் செருப்பும் வந்து நின்றன. அதைவிட, ராசியான கூடம் என்று மேனேஜர் சொன்னபோது உள்ளுக்குள் பொங்கிய பெருமை வந்து நின்றது.

"நான் என்னம்மா செய்யப்போறேன்" என்றாள். "அது புதுப் பொண்ணு. வந்தவங்களை மூஞ்சி கொடுத்து உட்கார வெச்சிருக்க மாட்டா. பதட்டத்துல எல்லாரும் தப்பு பண்ணியிருப்பாங்க."

கண்ணாடிக்காரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அதுதானே, உங்களை மாதிரி வருமா என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள். அந்த ஒருநாள் கணக்கில் சேராமல் போயிற்று. வீட்டுக்காரம்மா அன்றைக்கும் தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்குத் தள்ளினாள்; மீதிப் பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

சோப்புப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். அதோடு நின்றார்களா என்றால் இல்லை. விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபோது விளக்கத் தாள் எதற்கு என்று அதையும் எடுத்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் டிவியில் வருவதாக இருந்த பாடத்தையும் வெட்டினார்கள். "எடு, ஆடு" என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். விளம்பரத்தில் ஒரு அழகான பையன் சோப்பை மேஜையிலிருந்து பறித்துத் தலைக்குமேல் சுழற்றிவிட்டு ஆடத் தொடங்கினான். அதை எப்படி எடுக்கக் கூடாதோ அப்படி எடுப்பதற்கு ஊர் உலகத்துக்கே வகுப்பு நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரம்மாவின் நாத்தனார் அவள் பேச்சை நம்பித்தான் ஒரு பெட்டி வாங்கினாள். கணவனின் தங்கை அவள். வாய் கொஞ்சம் நீளம். வாங்கிய மறுநாளே போன் வந்தது. "அண்ணி, உங்க கம்பெனி கார் ஏன் எப்பப் பார்த்தாலும் வலது பக்கமே போகுது? எங்க அண்ணனை மாதிரி குடிச்சுட்டு ஓட்டுதா?" வீட்டுக்காரம்மா பஸ் பிடித்துப் போனாள். அங்கே சோபாவின் இடுக்கில் கிடந்த சோப்பை எடுத்து நாத்தனார் மகளின் கையில் கொடுத்தாள். கார் நேராக ஓடியது. அண்ணி கை ராசிக்காரக் கை என்று நாத்தனார் மெச்சினாள். வீட்டுக்காரம்மா வீடு வந்து சேருமுன்னே மறுபடி போன். கார் மறுபடி வலது பக்கம் போகிறதாம்.

எடுத்ததும் ஆட்டாமல் வைத்திருக்கச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று நாத்தனார் கேட்டாள். பச்சை விளக்கு எரிகிறவரை என்றாள். எந்த விளக்கு, எங்கே இருக்கிறது, அதை ஏன் பெட்டியில் எழுதவில்லை என்று நாத்தனார் அடுக்கிக்கொண்டே போனாள். பதில் வீட்டுக்காரம்மாவின் உள்ளங்கையில் இருந்தது, வாயில் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பஸ் பிடித்துப் போக அவளால் முடியாது.

பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. கணவன் தினமும் கிடங்கிலிருந்து செய்தி கொண்டுவந்தான். போனதைவிட வருவது வேகமாக இருக்கிறது, வண்டியை இப்போது பின்னோக்கி ஓட்டிப் பழகிவிட்டேன் என்று முதலில் சிரித்தான். எல்லாப் பெட்டியிலும் பழுது என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் ஒன்றிலும் ஒரு பழுதும் இல்லை. கம்பெனி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எதையெதையோ செய்தது. விலையைக் குறைத்தார்கள், முதலில் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அதே சோப்புப் பெட்டியைத் தனியாகச் செய்து தனி விலைக்கு விற்றார்கள். மிச்சமிருந்தவர்களும் கொதித்துப் போனார்கள். கிடங்கில் இடம் போதாமல் வாசலில் கித்தான் போட்டு மூடி வைத்தார்கள். கணவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். கிடங்கில் பாதிப் பேரை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

இப்படி ஒரு கவிழ்ப்பு நடந்தால் தலையில் கட்ட ஒரு ஆள் வேண்டுமல்லவா. மேனேஜர் தன் பங்குக்குக் கையைக் கழுவிக்கொண்டார். சோதனையில் முதலில் வந்த ஒருவரைத் தவிர எல்லாரும் நன்றாக விளையாடினார்கள் என்று எழுதிக் கொடுத்ததை நம்பித்தானே செய்தேன் என்றார். எழுதிக் கொடுத்தது யார்? கண்ணாடிக்காரி. மேலிடத்துக்குப் பிடித்த மாதிரி இல்லாததை எழுதியிருக்கிறாள் என்று முதலில் காண்டீனில் முணுமுணுத்தார்கள், பிறகு லிஃப்டில் அவள் இருக்கும்போதே பேசினார்கள். தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் விசாரிக்க வருகிறார் என்றார்கள். கண்ணாடிக்காரி சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்கும் சேர்த்துக் கெட்ட பேர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அது வீட்டுக்காரம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவள் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கொடுத்ததையும் சொன்னாள், அந்தப் பெண் கேட்டதையும், தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான்.

"நீ கையில கொடுத்ததால கம்பெனி கவுந்துச்சுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?" என்றான். "இவ்வளவு பெரிய கம்பெனி. இவ்வளவு படிச்சவங்க. உன் கையா கவுத்துச்சு?"

"நம்பாட்டி போகட்டும். அந்தப் பொண்ணு பொய் எழுதலைன்னு எனக்குத் தெரியும்ல."

"தெரியும்தான்" என்றான் அவன். "சொல்றதுன்னா பார்த்துச் சொல்லு. எனக்கு அங்க வேலை இருக்கோ இல்லையோ தெரியலை. உனக்காவது இருக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைக் கெடுத்தது.

விசாரணை மேல்மாடியில் ஒரு நீளமான மேஜைக்கு முன்னால் நடந்தது. தலைமை ஆபீஸ்காரர் நடுவில், மேனேஜர் ஒரு பக்கம், ஊழியர் விவகாரம் பார்க்கிற அம்மாள் இன்னொரு பக்கம். கண்ணாடிக்காரியை முன்பே விசாரித்து அனுப்பிவிட்டார்கள். நடக்காததை அந்தப் பெண் எழுதியதை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றாள் வீட்டுக்காரம்மா. சரி, நீங்கள் போகலாம் என்றார்கள். எழுந்துவிட்டாள். கதவுவரை வந்துவிட்டாள். அங்கிருந்து திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"அவ எழுதினதெல்லாம் நடந்ததுதாங்க. நடக்க வெச்சது நான்."

சோப்பைத் தான் எப்படிக் கொடுத்தாள், எதுவரை விடாமல் வைத்திருந்தாள், கண்ணாடிக்கு ஏன் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் ஆச்சரியத்தில் மேஜைமேல் குனிந்துவிட்டார். தலைமை ஆபீஸ்காரர் மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது தினமும் நடந்ததா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணுக்கு எதிர்லயே?"

"என் முதுகு மறைச்சிருக்கும்."

"அவளுக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வரலையா? உங்களை ஒரு வார்த்தை கேட்கலையா?"

இந்த இடத்தில்தான் எல்லாமே நின்றது. கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டாள், நான் பொய் சொன்னேன். வீட்டுக்காரம்மாவின் நாக்கு நுனிவரை அது வந்தது. அறியாமல் செய்தவளை ஒரு கம்பெனி மன்னித்துவிடும். பொய் சொன்னவளை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். வாசற்படியில் செருப்போடு உட்கார்ந்திருந்த கணவன் நினைவுக்கு வந்தான். அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

தலைமை ஆபீஸ்காரர் ஊழியர் விவகார அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பின் அர்த்தம் வீட்டுக்காரம்மாவுக்குப் படி இறங்குகிறபோதுதான் உறைத்தது. கண்ணாடிக்காரி பொய் எழுதவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. கூடவே, கண்ணுக்கு எதிரில் தினமும் நடந்ததைப் பார்க்கத் தெரியாதவள் என்றும் தீர்ப்பாகிவிட்டது. பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தியைப் பற்றி அதைவிட மோசமாக எதைச் சொல்ல முடியும்? காப்பாற்றுகிறேன் என்று போய்ப் பாதிக் கிணற்றில் பிடித்த கையை விட்டுவிட்டதுபோல ஆயிற்று.

அந்த வாரமே கண்ணாடிக்காரியை அனுப்பிவிட்டார்கள். கிடங்கில் பாதிப் பேரை அனுப்பினார்கள். வீட்டுக்காரம்மாவின் கணவன் மிச்சப் பாதியில் தப்பினான். வீட்டுக்காரம்மாவை யாரும் திட்டக்கூட இல்லை. மாறாக மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, தன் அறையில் முதன்முதலாக ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்காரவைத்தார். சோதனை தப்பே இல்லை, கையில் கொடுத்தால் எல்லாருக்கும் விளையாட வருகிறது என்பதுதான் இதிலிருந்து தெரிகிற விஷயம் என்று அவர் முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னார். கடைக்கு ஒரு பெண்ணை நிறுத்திச் சோப்பை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வைக்கப் போகிறாராம். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு யார் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று பழக்குகிற வேலை வீட்டுக்காரம்மாவுக்கு. சம்பளமும் கூட. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். தன் வாயின்மேல் அவளுக்கே நம்பிக்கை போயிருந்தது.

கண்ணாடிக்காரியின் அறையைத் தேடிக்கொண்டு அவள் போனபோது நடைபாதை முழுக்க அட்டைப் பெட்டிகள் நின்றன. அந்தப் பெண் அண்ணன் வீட்டுக்குப் போகப் போகிறாளாம். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. வீட்டுக்காரம்மா உட்கார்ந்தாள். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. பெட்டிகளைக் கட்ட நூல் இருக்கிறதா, அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவாரா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"உங்களுக்குப் புது வேலை கொடுத்திருக்காங்களாமே" என்றாள் பிறகு.

"ஆமாம்மா."

"நல்லதுக்கா. எனக்காக நீங்க போய்ப் பேசினீங்கன்னு கேள்விப்பட்டேன். மத்தவங்க யாரும் பேசலை." அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னைக்கு நீங்க லீவு முடிஞ்சு வந்தப்போ உங்களைக் கேட்டேனே அக்கா. நான் கேட்டேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

வெளியே யாரோ ஒரு பெட்டியை நகர்த்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"அவர் போயாச்சு. என் விஷயத்தை எழுதி முடிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு." அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "நான் பார்த்தேன் அக்கா. ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். நீங்க இல்லைன்னதும் என் கண்ணை விட்டுட்டு உங்களை நம்பிட்டேன்."

வீட்டுக்காரம்மாவுக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இவள் கை நீள்வதற்குள் கண்ணாடிக்காரி எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தவளை ஒன்றும் கொடுக்காமல் அனுப்பக் கூடாதில்லையா. கட்டாமல் வைத்திருந்த ஒரே கோப்பையில் காபி கலந்து கொண்டுவந்தாள்.

வீட்டுக்காரம்மா பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினாள். கண்ணாடிக்காரி அந்தக் கைகளைப் பார்த்தாள். கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

"சூடா இருக்கு அக்கா. பார்த்து எடுத்துக்குங்க."

நீட்டிய கைகளை என்ன செய்வதென்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கோப்பையைத் தானே எடுத்தாள், இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத்தான் எடுத்தாள். அப்படியும் அது ஆடி, காபி அவள் மடியில் சிந்தியது.